பழைய விளம்பரப் பட அட்டைகள்: கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாமான் வாங்கினால் கூடவே ஒரு வண்ணப்பட அட்டையும் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் இதை டிரேடு கார்டு என்பார்கள். வரலாறு, ஓவியம், நாடகம், பல நாட்டு மக்களின் வாழ்க்கை என்று அதில் வராத விஷயமே இல்லை. அந்த அட்டைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டிரேடு கார்டு என்பது இன்றைய விசிட்டிங் கார்டுக்கு முன்னோடியா? இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (ஓய்வுபெற்ற அச்சக ஊழியர்)

உண்டு ஐயா. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைக்காரர்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்களைக் கொடுத்து வந்தார்கள். கதவிலக்கம் பரவலாக வராத காலம் என்பதால், 'இன்ன சின்னம் போட்ட பலகைக்குக் கீழே எங்கள் கடை' என்று அதில் வழி சொல்லியிருக்கும். அதெல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். 1837இல் கோட்ஃப்ரா எங்கெல்மன் பிரான்சில் வண்ணக் கல்லச்சு முறைக்குக் (கல்லில் படம் வரைந்து வண்ணத்தில் அச்சிடுவது) காப்புரிமை வாங்கிய பிறகு, மலிவாக வண்ணப்படம் அச்சிட வழி பிறந்தது. பாரிசின் போன் மார்ஷே கடை, பள்ளி விடுமுறை நாளான வியாழக்கிழமைகளில் அம்மாவோடு வரும் பிள்ளைகளுக்குப் பட அட்டை கொடுத்தது. அடுத்த வாரமும் அந்தப் பிள்ளை அம்மாவைக் கடைக்கு இழுத்து வரும் அல்லவா! அமெரிக்காவில் 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் பிறகு இந்தப் பழக்கம் வேகம் பிடித்தது. பத்திரிகை விளம்பரங்கள் பெருகியதும் அங்கே மங்கிப்போனது. ஐரோப்பாவில் இன்னும் நெடுநாள் நீடித்தது.

கேள்வி: லீபிக் என்று போட்ட அட்டை ஒன்று கிடைத்தது. முன்பக்கம் ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) காட்சி, மூலையில் ஒரு ஜாடி. இறைச்சிச் சாறு விற்ற கம்பெனிக்கும் ஆபராவுக்கும் என்ன தொடர்பு? (இசை மாணவி)

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான் அம்மா, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூஸ்டஸ் ஃபன் லீபிக் ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர். மாட்டிறைச்சியை வேகவைத்துச் சுண்டக் காய்ச்சி, கெட்டியான சாறு எடுக்கும் முறையை அவர் எழுதி வெளியிட்டார். ஆனால் 1 கிலோ சாறு எடுக்கச் சுமார் 30 கிலோ இறைச்சி வேண்டும். ஐரோப்பாவில் இறைச்சி விற்ற விலைக்கு அது கட்டுப்படியாகாது. தென் அமெரிக்காவிலோ தோலுக்காக மாடுகளை வெட்டிவிட்டு இறைச்சியைப் பெரும்பாலும் வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்ட கியோர்க் கீபெர்ட் என்ற பொறியாளர் லீபிக்கோடு சேர்ந்துகொண்டார். உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் ஆலை எழுந்தது. 1865இல் லண்டனில் கம்பெனி பதிவானது. அந்த ஆலை வளாகம் 2015 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

சாறு கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாத பண்டம். போலிகளும் சந்தையில் இருந்தன. அதனால்தான் ஜாடி லேபிளின் குறுக்கே லீபிக்கின் கையெழுத்தை நீல மையில் அச்சிட்டு, 'இதைப் பார்த்து வாங்குங்கள்' என்றார்கள். அட்டைகள் இன்னொரு உத்தி. படிப்பு, கலை என்றால் மதிப்பு வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள்தாம் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் வைக்கத் தகுந்த படமாக இருந்தால் ஜாடியும் கூடவே உள்ளே போகும். ஆபரா, கண்டுபிடிப்பாளர்கள், ஓவியர்கள், பழைய நாகரிகங்கள் என்று 1870கள் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை 1,800க்கும் மேற்பட்ட தொடர்கள் வந்தன. பெரும்பாலும் ஒரு தொடருக்கு 6 அட்டை. அளவு ஏறக்குறைய 7 செ.மீ. x 11 செ.மீ. ஒரே படத்தைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், டச்சு என்று பல மொழிகளில் வெளியிட்டார்கள்.

உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காட்சியின் விளக்கமோ, சாறு சேர்த்துச் செய்யும் சமையல் குறிப்போ இருக்கும். ஆக்ஸோ என்ற பெயர் இருந்தால் 1899க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெயரைக் கம்பெனி அறிமுகப்படுத்தியதே அந்த ஆண்டில்தான். சேகரிப்பவர்கள் இந்தத் தொடர்களுக்குச் சாங்குவினெட்டி என்ற இத்தாலியப் பட்டியலின் எண்ணைச் சொல்வது வழக்கம்.

கேள்வி: அசலா, பிற்கால மறுபதிப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்)

முடியும் தம்பி. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். கல்லச்சு என்றால் புள்ளிகள் ஒழுங்கற்று, கையால் வைத்ததுபோலப் பெரிதும் சிறிதுமாக இருக்கும். உண்மையிலேயே கையால் வைத்தவைதான் அவை. ஒரு வண்ணத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு கல்லிலும் கைவினைஞர் ஒருவர் மைப்புள்ளிகளை வைத்தார். மஞ்சள் மேல் ரோஸ், அதன் மேல் சாம்பல் நீலம் என்று அடுக்கடுக்காக ஏறி, தூரத்திலிருந்து பார்க்கும்போது தோல் நிறமாகிறது. நல்ல அட்டைக்குப் 10, 12 கற்கள்கூடப் பயன்பட்டன. தாள் ஒவ்வொரு கல்லிலும் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு வெளியே நிற்கும். அப்படி விலகிய அட்டையைப் பார்த்தால் எனக்கு ஆசை கூடும், குறையாது. அச்சுக்கூடத்தில் யாரோ ஒருவர் அவசரப்பட்டது அதில் தெரிகிறது.

ஆஃப்செட் என்ற பிற்கால இயந்திர அச்சில் வந்த மறுபதிப்பில் நான்கே நிறங்களின் புள்ளிகள், வரிசை பிசகாமல், சின்னப் பூவிதழ் வட்டங்களாகத் தெரியும். அப்புறம், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது 1950ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகுதான் தாளில் பரவலாக வந்தது. ஆனால் லீபிக்கின் கடைசிக்காலத் தொடர்களும் அந்தக் காலத்தவைதாமே, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கேள்வி: பழைய ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

வேண்டாம். மை தாங்கினாலும் மேற்பூச்சு தாங்காமல் போகலாம், தாள் நெளியும். அதைவிட முக்கியம், அந்த ஆல்பமே ஓர் ஆவணம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை ஒட்டினார்கள், எதை வெட்டினார்கள் என்பதில் அந்தக் காலத்துப் பிள்ளை ஒருவரின் ரசனை இருக்கிறது. பிரித்து விற்றுவிட்டால் அது திரும்ப வராது.

கேள்வி: பல நாட்டுப் பண்பாட்டைக் காட்டும் அட்டைகளை வகுப்பில் வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தலாமா? (உயர்நிலைப் பள்ளி ஆசிரியை)

தாராளமாகப் பயன்படுத்துங்கள் டீச்சர். ஆனால் எதற்குச் சான்று என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனி 1893 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியிட்ட உடைத் தொடர் நல்ல பாடம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நாட்டு மக்கள் தங்கள் பாரம்பரிய உடையில், பக்கத்தில் ஒரு சிங்கர் இயந்திரத்தோடு இருப்பார்கள். பின்பக்கத்தில் அந்த நாட்டைப் பற்றிய குறிப்பு. உடையின் விவரங்களில் கவனம் தெரிகிறது, ஆனால் அந்த மக்களின் அன்றாடத்தை அது காட்டுகிறது என்று நம்பக் கூடாது. உலகம் முழுவதும் தங்கள் இயந்திரத்துக்காகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் அது காட்டுகிறது.

இதைவிடக் கசப்பானவையும் உண்டு. கறுப்பினக் குழந்தையைக் கழுவி வெள்ளையாக்குவதாகக் காட்டிய சோப்பு அட்டைகள் அச்சாகின. அமெரிக்காவில் சீனர்களின் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்தது. அதே ஆண்டுகளில் சீனர்களை இழிவுபடுத்தும் படங்கள் சலவைப் பொருள் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்கின. இவற்றை ஒளித்து வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. சோப்பு வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைத்து, குழந்தையின் ஆல்பத்துக்குப் போன வெறுப்பு அது. சட்டப் புத்தகத்தில் இருந்ததைவிட இது அதிக வீடுகளுக்குள் நுழைந்தது. வகுப்பில் காட்டும்போது மூன்று கேள்விகள் போதும்: யார் அச்சிட்டது, யாருக்கு விற்க, படத்தில் இருப்பவரிடம் யாராவது கேட்டார்களா?

கேள்வி: சிகரெட் அட்டைகளும் இதே வகைதானா?

நெருங்கிய சொந்தம். மெல்லிய பாக்கெட் நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் படம் போட்டார்கள். 1880களில் வர்ஜீனியாவின் ஆலன் அண்ட் ஜின்டர் இதில் பெயர் பெற்றது. பிரிட்டனில் 1940ஐ ஒட்டிய போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு இதை நிறுத்தியது.

இந்த அட்டைகளைக் குறிக்க இன்றும் அமெரிக்காவில் பயன்படும் எழுத்து, எண் முறையை உருவாக்கியவர் ஜெஃபர்சன் பர்டிக். மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், கடும் மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். தன்னிடமிருந்த 3,00,000க்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததோடு நில்லாமல், தானே அங்கு போய் உட்கார்ந்து ஆல்பங்களில் வரிசையாக ஒட்டினார். 1963 ஜனவரியில் அந்த வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். குப்பை என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததை ஓர் அருங்காட்சியகத்தின் சொத்தாக்கிய மனிதர் அவர். அவருடைய தொகுப்பில் கணிசமான பகுதியை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கேள்வி: எதை வைத்து மதிப்பு ஏறுகிறது?

தொடர் முழுமையாக இருப்பது, மூலைகள் மழுங்காதது, பின்பக்கம் கிழியாதது, எந்த மொழிப் பதிப்பு என்பது. பழமை மட்டும் போதாது. லட்சக்கணக்கில் அச்சான 1890களின் அட்டையைவிடக் குறைவாக வந்த பிற்கால அட்டை அரிதாக இருக்கும்.

கேள்வி: லேமினேட் செய்து வைத்தால் பாதுகாப்புதானே? (பலர் கேட்டது)

தயவுசெய்து செய்யாதீர்கள். சூடும் பசையும் அட்டையோடு ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பிவிசி உறைகளும் ஆகாது, காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு மையை உரிக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை, அமிலமற்ற தாள் பெட்டி, வெயில் படாத உலர்ந்த அலமாரி, இவ்வளவே போதும். ராமபாணப்பூச்சிக்குப் பழைய பசை என்றால் உயிர், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். எண்போட வேண்டுமென்றால் உறையின் மேல் போடுங்கள், அட்டையில் பென்சில்கூட வேண்டாம்.