ஆறாயிரம் ரூபாய் மென்பொருள் வேண்டாம்

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் ரிதம் பேட் (குச்சியால் தட்டினால், ஏற்றி வைத்த ஒலியை எழுப்பும் மின்னணுக் கருவி) வாசிக்கிறேன். ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தவில், பம்பை, உறுமி அடிகளைக் கைப்பேசியில் பதிவு செய்து பென்டிரைவில் போட்டால் பேட் ஏற்க மறுக்கிறது. கடைக்காரர் ஒருவர் 6,000 ரூபாய்க்கு என் பழைய லேப்டாப்பில் ‘ஸ்டுடியோ சாஃப்ட்வேர்’ ஏற்றித் தருகிறேன், கூடவே 2,000 ‘டோன்’ (பேடில் ஏற்றும் ஒலிகள்) இலவசம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் ஏற்றித் தரப்போவது அநேகமாகத் திருட்டுப் பிரதி. பெரும்பாலும் வைரஸ் தடுப்புப் பாதுகாப்பை அணைத்துவிட்டுத்தான் அதை நிறுவ முடியும். பிறகு உங்கள் லேப்டாப்பில் வேறு என்னவெல்லாம் குடியேறும் என்பதற்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். உங்கள் வேலைக்கு அத்தனை பெரிய மென்பொருளும் தேவையில்லை. அது முழுப் பாடலை உருவாக்குவதற்கானது. உங்களுக்கு வேண்டியது வெட்டுவதும், அளவு பார்ப்பதும், சரியான வடிவத்தில் சேமிப்பதும் மட்டும்.

பேட் மறுப்பதற்குக் காரணம் கோப்பின் வடிவம். பென்டிரைவ் வழியாக எஸ்பிடி-எஸ்எக்ஸ் எடுத்துக்கொள்வது வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப் கோப்புகளை. அவையும் 44.1 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவது), 16 பிட் அளவில் இருக்க வேண்டும். கைப்பேசியின் பதிவுச் செயலி பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கும்; வீடியோவிலிருந்து பிரித்த ஒலி பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். மறுக்கத் தெரிந்த கருவிக்கு, இது 48, எனக்கு 44.1 வேண்டும் என்று பச்சையாகச் சொல்ல இன்னும் ஒரு வரி போதும். அந்த வரியை எழுத எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வருவதில்லை. அதில்தான் இடையில் இருப்பவர்கள் பிழைக்கிறார்கள்.

ஒலியை வெட்டித் தொகுக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்தது முதல் இன்றுவரை இலவசம். இதையே காசுக்கு விற்பவர்களும், வேண்டாத செயலிகளைச் சேர்த்துக் கட்டித் தரும் போலித் தளங்களும் உண்டு. லேப்டாப் மிகவும் திணறினால் ஓசன்ஆடியோ என்ற இன்னொரு இலவச மென்பொருள் இலகுவாக ஓடும். ஆனால் நிறைய அடிகளைப் பிரிக்க ஆடாசிட்டிதான் வசதி. எம்4ஏ கோப்பைத் திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் வேண்டும், அதுவும் இலவசம்தான்.

எல்லா அடிகளையும் இடைவெளி விட்டு ஒரே பதிவாக எடுங்கள். ஆடாசிட்டி மௌனத்தை வைத்து ஒவ்வோர் அடிக்கும் அடையாளம் இட்டு, தனித்தனிக் கோப்புகளாக ஒரே மூச்சில் ஏற்றுமதி செய்துவிடும். அந்தப் பெட்டியில் வேவ், 16 பிட் பிசிஎம், 44100 என்று தேர்வு செய்யுங்கள். தனி அடி என்றால் மோனோ போதும். ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும், மோனோவில் அதில் பாதி. உங்கள் பேடின் உள் நினைவகம் 2 ஜிபி. பழையதாக வாங்கியது என்பதால் அதில் பாதியை முந்தைய உரிமையாளரின் குழு நிரப்பி வைத்திருக்கக் கூடும்.

ஒலியின் உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லுக்குக் கொண்டுவருவது நல்லது. இதைப் பிரிப்பதற்கு முன்பே, முழுப் பதிவுக்கும் ஒரே தடவை செய்யுங்கள். பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் செய்தால் மெல்லிய தட்டும் பலத்த அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மேடையில் எல்லாமே கத்தும்.

அடுத்தது, எம்பி3. அந்த 2,000 ‘டோன்’களும் எம்பி3யிலிருந்து வேவாக மாற்றப்பட்டவையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். எம்பி3 செய்யும்போது உயர் அதிர்வெண்களில் ஒரு பகுதி வெட்டப்படுகிறது; மறுபடி வேவ் ஆக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, போனது திரும்பாது. அதைவிடத் தொல்லை, எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஒரு சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. மாற்றும் மென்பொருள் அதை வெட்டாவிட்டால் சுமார் 25 மில்லிநொடி வரை நிற்கும். கேட்பவர் காதுக்குத் தெரியாது. குச்சி பிடித்த கைக்கு உடனே தெரியும். பேட் தாமதிக்கிறது, பழுது என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் பலருடைய நோய் இதுதான். அதே மௌனத்தால் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) ஒட்டாது, ஒவ்வொரு சுற்றிலும் விக்கும். கோப்பின் பெயரில் எம்பி3 என்பதை அழித்து வேவ் என்று எழுதினால் போதும் என்றும் ஒருவர் வந்து சொல்வார். பெயர்தான் மாறும். நல்ல வேவ் கோப்பை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, வடிவம் மாறாமல் போய்ச் சேர, ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஆகவே வெட்டும்போது, அடி தொடங்கும் இடத்துக்கு முன்னால் மௌனமே இருக்கக் கூடாது. ஆடாசிட்டியில் இசட் விசையைத் தட்டினால் தேர்வின் விளிம்பு அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அங்கே வெட்டினால் ‘டிக்’ என்ற சத்தம் வராது. முடிவில் ஓசை மெல்லத் தேயும்படி சிறிது மங்கலாக்கம் (ஃபேட் அவுட்) கொடுங்கள்.

உறுமிக்கு மட்டும் இது பொருந்தாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேடில் நான் கேட்ட உறுமிகளில் பெரும்பாலானவை உறுமுவதில்லை. தவிலிலும் பம்பையிலும் ஓசை அடித்த கணமே உச்சத்துக்கு எழுகிறது. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது ஓசை மெல்லப் புறப்பட்டு, ஏறி, பிறகே முழங்கும். அந்த ஏற்றமே அதன் குணம். அலைவடிவத்தில் தொடக்கம் மெலிந்து தெரிவதால் அதை மௌனம் என்று எண்ணி, பருத்த இடம் வரை வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது ஏதோ ஒரு தோல் சத்தம். தானாக வெட்டும் வசதியும் இதே தவற்றைச் செய்யும். உறுமிக் கோப்புகளைக் கையால்தான் வெட்ட வேண்டும். குச்சி தோலைத் தொடும் இடத்தைக் காதால் தேடுங்கள். நீளத் தேய்ப்பு, குறுந்தேய்ப்பு, மறுமுகத்து அடி ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்பாக்குங்கள். தேய்ப்பையும் அடியையும் பேடில் ஒரே மியூட் குரூப்பில் வைத்தால், அடி விழும்போது தேய்ப்பு நிற்கும். நீளத் தேய்ப்பு வாசிக்கும்போது மட்டும் தாளத்துக்குச் சற்று முன்பே தட்டப் பழக வேண்டும். உண்மையான உறுமிக்காரரும் தேய்ப்பை முன்கூட்டியே தொடங்குகிறார்.

கைப்பேசிப் பதிவில் இன்னொரு குறை உண்டு. பல செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஓசை பலத்தால் தாமே அமுக்கும், குறைந்தால் தாமே ஏற்றும், பின்னணி இரைச்சலையும் நீக்கும். தவிலின் நாதம் இரைச்சலோடு போய்விடும். இந்தத் தானியங்கி வசதிகளை அணைக்க விடும், வேவாகச் சேமிக்கும் செயலியைத் தேடுங்கள். கைப்பேசியைத் தோலுக்கு ஒட்டி வைக்காமல் சில அடி தள்ளி வையுங்கள். அந்த 6,000 ரூபாயை நல்ல தவில்காரர் ஒருவருக்கு அரைநாள் கூலியாகக் கொடுத்து, சத்தமில்லாத அறையில் பதிவு செய்தால் 2,000 டோனைவிடப் பயன் அதிகம்.

ஒலிகளைப் பேடில் அடுக்க ரோலண்ட் இலவசமாகத் தரும் வேவ் மேனேஜரைப் பயன்படுத்தலாம். கேபிள் மாட்டியும் கணினி பேடைக் காணவில்லை என்றால், பேடின் செட்டப் பகுதியில் யுஎஸ்பி முறையை வேவ் மேனேஜருக்கு மாற்றுங்கள். இதற்கும் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது ஒரு பென்டிரைவைக் கொடுத்து ‘லோட் ஆல்’ அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். அது உங்கள் ஒலிகளோடு புதியவற்றைச் சேர்க்காது. பேடில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவருடையதை வைக்கும். ஒரு கிட்டை (பேடில் சேர்த்து அடுக்கிய ஒலிகளின் ஒரு தொகுப்பு) மட்டும் ஏற்றும் வழி தனியாக இருக்கிறது. எதைச் செய்வதற்கு முன்பும் ‘சேவ் ஆல்’ கொடுத்து இப்போது இருப்பதை உங்கள் பென்டிரைவில் எடுத்து, அதன் நகல் ஒன்றை லேப்டாப்பிலும் வையுங்கள்.