எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காதீர்கள்! – சேர்ந்திசை கேள்வி பதில்

டிசம்பர் முழுக்க எங்கள் சேர்ந்திசைக் குழுவுக்கு (கொயர்) நிகழ்ச்சிதான். சுருதி, தாளம் எல்லாம் சுத்தம். ஆனாலும் முன்வரிசை ரசிகர்களே போனை நோண்டுகிறார்கள். ‘சிரித்துக்கொண்டே பாடுங்கள்’ என்கிறார் கொயர் மாஸ்டர். சிரித்தால் பாட்டு வரமாட்டேன் என்கிறது!
– வாசகி, பெரம்பூர்

வராதுதான். உதட்டைப் பக்கவாட்டில் இழுத்துச் சிரித்தால் ‘ஆ’ என்பது ‘ஏ’ பக்கம் சாய்ந்து தட்டையாகிவிடும். உதட்டை விட்டுவிடுங்கள், மலர வேண்டியது கண்ணும் கன்னமேடும்.

ஆனால் உங்கள் குழுவில் உண்மையான குற்றவாளி கையில் இருக்கும் ஃபைலாக இருக்கலாம். அது வயிற்றருகே இருந்தால் தலை குனியும், குரல் தரைக்குப் போகும், சபைக்குத் தெரிவது உச்சந்தலை மட்டுமே. நெஞ்சு உயரத்தில், உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தலை அசையாமல் கண் மட்டும் தாளுக்கும் மாஸ்டரின் கைக்கும் போய்வர வேண்டும். முழுப் பாட்டும் மனப்பாடமாகாவிட்டால் முதல் இரண்டு வரி, கடைசி இரண்டு வரியாவது தாள் பார்க்காமல் வரட்டும். சபை உங்களைக் கவனிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

ஒத்திகையை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாடுவது தாலாட்டா, போராட்டப் பாட்டா என்று முகத்தை வைத்தே தெரிகிறதா? தெரியவில்லையென்றால் வரிகளின் பொருள் பாதிப் பேருக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அடுத்த ஒத்திகையில் முதல் பத்து நிமிடம் பாடாமல், வரிகளைப் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று: கடைசி ஸ்வரம் அடங்கியதும் மாஸ்டரின் கை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது. ஃபைலை ‘டப்’பென்று மூடும் ஒருவர் போதும், மூன்று நிமிட உழைப்பும் போச்சு.

ஆங்கிலப் பாட்டு புரிகிறது, தமிழ்ப் பாட்டில் வார்த்தையே கேட்கவில்லை என்கிறார்கள். நாங்கள் தமிழர்கள்தானே?
– வாசகர், தாம்பரம்

தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். ‘மலை’யின் ‘ம’வை நாலு அட்சரம் (தாள எண்ணிக்கை) இழுத்தால் கேட்பவர் காதில் ‘மாலை’. ‘படு’ என்பது ‘பாடு’ ஆகிவிடும். நீட்ட வேண்டிய இடத்தில் குறில் விழுந்தால், அதைச் சட்டென்று முடித்து அடுத்த எழுத்தில் நில்லுங்கள்: ‘ம–லை...’. அந்த ‘லை’யையும் முதலிலிருந்தே ‘ய்’ என்று இளிக்க வேண்டாம். அகரமாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில் மட்டும் ‘ய்’யைத் தொடுங்கள்.

அடுத்தது ஒற்று. ‘வெற்றி’, ‘பட்டு’ என்னும்போது வல்லின ஒற்றில் ஒலி ஒரு கணம் நின்றே ஆக வேண்டும். நாற்பது பேர் நாற்பது நேரத்தில் நிறுத்தினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை! எந்த அட்சரத்தில் அடைக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து, மெட்டில்லாமல் தாளத்தோடு இரண்டு தரம் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலப் பாட்டில் சொல்லின் முடிவில் வரும் ‘ஸ்’ஸுக்கு வரிசைக்கு இரண்டு பேர் போதும். மற்றவர்கள் அதை விழுங்கிவிடலாம்.

எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள். குழுவில் என் குரல் மட்டும் தனியாகத் தெரிகிறதாம். அடக்கி வாசித்தால் பாடுகிற சந்தோஷமே போய்விடுகிறது.
– வாசகி, மயிலாப்பூர்

அடக்க வேண்டியது குரலை அல்ல, கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என மேல் குரலிலிருந்து கீழ்க் குரல்வரை நாலு பகுதிகள் சேர்ந்து ஒலிக்கும்போது, உங்கள் கையில் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) இருந்து அதை நீங்கள் அசைத்தால் மொத்தக் கட்டடமும் ஆடும். நேராக, அசைக்காமல் நீட்டிப் பிடியுங்கள். உங்கள் வழக்கமான ஐந்தரைக் கட்டை சுருதியையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், இங்கே பாட்டுக்குப் பாட்டு ஆதார சுருதி மாறும். பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் நீங்கள் அளவுக்கு மீறிப் பாடுகிறீர்கள்.

சந்தோஷம் எங்கே என்று கேட்கிறீர்கள். தனியாகப் பாடுபவருக்குக் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: முடிவில்லாத மூச்சு. வரி முடிவில் எல்லோரும் வாங்கும் இடத்தில் வாங்காமல், நீண்ட உயிரெழுத்தின் நடுவே மெல்ல விலகி, மூச்செடுத்து, சன்னமாகத் திரும்பி வந்து சேருங்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு இடத்தில் விலகுவார். ஒரே ஸ்வரம் ஒரு நிமிடம் அறுபடாமல் நிற்கும். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் மேடையிலேயே மயங்கி விழுந்தார். வயது இருபத்தி இரண்டுதான்!
– வாசகர், அண்ணா நகர்

முதலில் டாக்டரிடம் காட்டட்டும். மேடையில் மயங்குவதற்கு வழக்கமான காரணம், முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது. ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். வெறும் வயிறும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, முழங்காலைத் தளர்த்தி, பாட்டுகளுக்கிடையே எடையைக் கால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அப்படியே படியில் உட்காரட்டும், முன்வரிசை மறைத்துக்கொள்ளும்.

சென்னையில் எங்கே கேட்கலாம்?
– வாசகி, அடையாறு

மேற்கத்திய பாணிக்கு, 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன். பாரதி பாடல்களைச் சேர்ந்திசையில் கேட்க, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர். இரண்டையும் கேட்டுவிட்டு எதில் சேர்வது என்று முடிவு செய்யுங்கள்.