குவாங்சோ செல்லும் ஊழியக் குழுக்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் சீனாவின் குவாங்சோ நகருக்குச் செல்ல ஆயத்தப்படுகிறோம், ஐயா. விசா விண்ணப்பத்தில் பயண நோக்கத்தை எப்படிக் குறிப்பிடுவது? சீன மொழி வேதாகமங்களைக் கொண்டுசெல்லலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: எதற்காகச் செல்கிறீர்களோ அதையே எழுதுங்கள்; எழுதியதை மட்டுமே அங்கு செய்யுங்கள். ஊரைப் பார்ப்பதும், ஞாயிறு ஆராதனையில் மற்றவர்களோடு அமர்வதும், அங்குள்ள விசுவாசிகளை அறிந்துகொள்வதும் நோக்கமானால் சுற்றுலாவுக்குரிய எல் வகை விசா போதும். ஒரு நிறுவனம் முறைப்படி அழைத்திருந்தால் அதன் கடிதத்தோடு எஃப் வகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று ஆங்கில வகுப்பு நடத்துவது, ஊதியம் வாங்காவிட்டாலும், சட்டவிரோத வேலையாகக் கருதப்படக்கூடும். வெளிநாட்டவரின் மத நடவடிக்கைகளுக்கென்று 1994 முதல் தனி விதிமுறை உண்டு. அதன் செயலாக்க விதிகள் திருத்தப்பட்டு 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ளன. அரசிடம் பதிவுபெற்ற ஆலயங்களில் நீங்கள் ஆராதிக்கலாம். அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட திருச்சபை அமைப்பு அழைக்காமல் பிரசங்கிக்கவோ, சீனக் குடிமக்களிடையே சுவிசேஷப் பணி செய்யவோ, துண்டுப் பிரதிகள் வழங்கவோ கூடாது.

உங்கள் சொந்தத் தமிழ் வேதாகமத்தைத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். பெட்டி நிறையச் சீன வேதாகமம் வேண்டாம். நான்ஜிங் நகரிலுள்ள அமிட்டி அச்சகம் 2019க்குள் 20 கோடி வேதாகமங்களை அச்சிட்டிருக்கிறது. 2018இல் இணைய வணிகத் தளங்களில் வேதாகம விற்பனை நிறுத்தப்பட்டது உண்மையே. ஆனால் பதிவுபெற்ற சபைகளின் விற்பனை மேசையில் அது கிடைக்கிறது.

கேள்வி: பதிவுபெறாத இல்லச் சபை ஒன்று எங்களை அன்போடு அழைத்திருக்கிறது. இரவில் மறைவாகப் போய் ஜெபித்துவிட்டு வந்தால் என்ன? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: போகாதீர்கள், அம்மா. அந்த அழைப்பின் அன்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்த அன்பை மதித்தே இதைச் சொல்கிறேன். காவலர்கள் வந்தால் உங்களுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் விசாரணை, அபராதம், நாட்டை விட்டு வெளியேற்றப்படுதல் ஆகியவைதான். ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவீர்கள். உங்களை வரவேற்றவரோ அங்கேயே வாழ வேண்டியவர். அவருடைய வாடகை வீடு, வேலை, பிள்ளையின் பள்ளி என்று ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மாலை நேரத்தின் சுமை ஏறும். மத விவகாரங்கள் அயல்நாட்டு ஆதிக்கத்துக்கு உட்படக் கூடாது என்பது சீன அரசியலமைப்பின் 36ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு முகங்கள் பன்னிரண்டு பேர் வந்து போனார்கள் என்ற செய்தியே அந்தச் சபைக்கு எதிரான சான்றாகிவிடும். பல்லாண்டுகள் ஊரறிய இயங்கிய ரோங்குயிலி சபை இதே குவாங்சோவில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய நன்மை, அவர்களைப் பற்றிப் பேசாதிருப்பதே. நம் சபைகளில் பயணம் முடிந்ததும் புகைப்படத்தோடு ஜெபக் கடிதம் அச்சிட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. அதில் சீனத் தோழர் ஒருவரின் முகமோ, பெயரோ, தெருவோ இடம்பெறக் கூடாது. சீனாவில் பரவலாகப் பயன்படும் வீசாட் உரையாடல் செயலியில் அவர்களோடு சபை விவகாரங்களை எழுதாதீர்கள். குழுவினர் அனைவரும் ஒரே நிறத்தில் வசனம் அச்சிட்ட டீ-சட்டை அணிந்து விமான நிலையத்தில் இறங்கும் ஆசையையும் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியும், முதியோருக்குக் கண் மருத்துவ முகாமும் நடத்த விரும்புகிறோம். (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: முதலாவது கூடவே கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மதக் கல்வி அளிப்பது அங்கு மிகவும் கடுமையாகக் கண்காணிக்கப்படும் செயல். மருத்துவ முகாமைப் பொறுத்தவரை, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி அயல்நாட்டுத் தொண்டு அமைப்புகள் காவல் துறையிடம் பதிவு செய்தோ, உள்ளூர்ப் பங்காளி வழியாகத் தற்காலிக நடவடிக்கையாக அறிவித்தோதான் இயங்க முடியும். வெளிநாட்டு மருத்துவர் நோயாளியைத் தொடுவதற்குக் குறுகிய கால உரிமமும் பெற வேண்டும். அங்குள்ள மருத்துவமனை ஒன்று முன்வந்து இவற்றையெல்லாம் செய்து தராத வரை, மருந்துப் பெட்டியோடு புறப்படாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். செலவைக் குறைக்க நண்பர் வீட்டில் தங்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: 2024 பிப்ரவரி 9 முதல் உங்களுக்கு 30 நாள்கள் வரை விசா தேவையில்லை, உங்கள் குழுவிலுள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது. நண்பர் வீட்டில் தங்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். விடுதியில் தங்கினால் வரவேற்பு மேசையிலேயே அது முடிந்துவிடும். ஒருமுறை என் குழுவினர் இருவர் இந்தப் பதிவைச் செய்ய மறந்து, மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாவோடு நானும் காவல் நிலையத்துக்குச் சென்றேன். வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை, எங்கள் கடவுச்சீட்டுகள் ஆகிய மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து அவர் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அந்த உறை நடுங்கிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அதன்பின் எந்தக் குழுவையும் வீடுகளில் நான் தங்கவைத்ததில்லை. வெளியே செல்லும்போது கடவுச்சீட்டு எப்போதும் உடனிருக்க வேண்டும். பதினாறு வயது நிரம்பிய வெளிநாட்டவர் அனைவருக்கும் அது சட்டக் கடமை.

கேள்வி: வாட்ஸ்அப் அங்கு வேலை செய்யாதாமே? பணத்தை எப்படிக் கொண்டுசெல்வது? (சென்னை வாசகி)

பதில்: உள்ளூர் இணைப்பில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் திறக்காது. உங்கள் ஊர் சிம்மிலேயே ரோமிங் எடுத்துச் சென்றால் தரவு சொந்த நாட்டு வலையமைப்பு வழியாகச் செல்வதால் அவை பெரும்பாலும் இயங்கும். இணையத் தடையைச் சுற்றிச் செல்ல உதவும் அனுமதியற்ற விபிஎன் செயலிகளை நாட வேண்டாம். பணத்துக்கு அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். காய்கறிக்காரர்கூடக் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். இருந்தாலும் சில நூறு யுவான் சில்லறை நோட்டாகக் கையில் இருக்கட்டும். 5,000 டாலருக்கு மேற்பட்ட அயல்நாட்டு ரொக்கத்தைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சபைக்குக் காணிக்கை தர விரும்பினால் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் இடுங்கள். தனி ஆளிடம் உறையில் பணம் கொடுப்பது அவருக்கே தொல்லையாகும். இன்னொன்று: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்னும் சீனக் கட்டாயத் தரச்சான்று முத்திரையில்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது? எங்களில் நால்வர் சைவம். (மதுரை வாசகர்)

பதில்: நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் 1957 முதல் நடந்துவரும் கேன்டன் வணிகச் சந்தை கூடுவதால் விடுதிக் கட்டணம் வெகுவாக ஏறிவிடும். மார்ச், ஏப்ரலில் ஈரக் காற்று புகுந்து சுவரும் தரையும் வியர்த்து வடியும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. கோடையில் புயல்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கீரையை மட்டும் வதக்கச் சொன்னாலும் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது அவ்வூர்ச் சமையலில் இயல்பு. அதை ஏமாற்றாக நினைக்க வேண்டாம். இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீன எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலைத் தேநீர் விருந்துக்கு யாரேனும் அழைத்தால் மறுக்காதீர்கள். உங்கள் கோப்பையில் அவர் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவதே அங்கு நன்றி சொல்லும் முறை. ஜெபமோ பாட்டோ இல்லாமல் அந்த மேசையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்பது, நான் கண்டவரை, இந்தப் பயணங்களின் மிகச் சிறந்த வேளை.

கேள்வி: மிஷனெரி வரலாற்றோடு தொடர்புடைய இடங்கள் அங்கு உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: நிறைய உண்டு. ராபர்ட் மோரிசன் 1807இல் இந்நகருக்குத்தான் வந்தார். மதப் பணிக்கு இடமில்லாத காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே வேதாகமத்தைச் சீன மொழியாக்கினார். முழு வேதாகமம் 1823இல் வெளிவந்தது. உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு தொடர்பும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த சாமுவேல் கிறீனை அனுப்பிய அதே அமெரிக்கன் மிஷன்தான் பீட்டர் பார்க்கரைக் குவாங்சோவுக்கு அனுப்பியது. அவர் 1835இல் அங்கே கண் மருத்துவமனையைத் திறந்தார். அதன் வழிவந்ததே ஆற்றங்கரையில் இன்று இயங்கும் சன் யாட்-சென் நினைவு மருத்துவமனை. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் திரு இருதயப் பேராலயம் நிற்கிறது. 1863 முதல் 1888 வரை கருங்கல்லால் கட்டப்பட்ட அதை உள்ளூரார் 'கல் வீடு' என்றே அழைக்கிறார்கள். மெட்ரோவின் ஆறாம் தடத்தில் யீதே சாலை நிலையத்தில் இறங்குங்கள். பேராலயத்துக்கு எல்லோருமாகச் செல்லலாம். மருத்துவமனையை வெளியிலிருந்து பார்த்தால் போதும், அங்கே நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.