சங்கிலி ரம்பம் வலப்பக்கம் வளைந்து வெட்டினால்

தைல மரத்தை அறுக்கும்போது வெட்டு வலப்பக்கமாக வளைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தைப் பிரிக்காமல், முதலில் சங்கிலியின் இடப்பக்கப் பற்களைக் கூராக்குங்கள்.

அரம் போடும்போது ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் கை செல்வது இயல்பு என்பதால், பற்களின் நீளமும் கூர்மையும் வேறுபட்டு, கூர் மிகுந்த பக்கத்துக்கே ரம்பம் இழுக்கும். இயந்திரத்தை அணைத்து, கையுறை அணிந்து, பற்களை வெர்னியர் என்ற அளவுகோலால் அளந்து, மிகக் குட்டையான பல்லின் நீளத்துக்கே மற்றவற்றையும் அராவுங்கள். பெரும்பாலான சங்கிலிகளுக்கு அரத்தை 30 பாகைக் கோணத்தில் பிடிப்பது பொருந்தும்.

புதுச் சங்கிலியிலும் வெட்டு வளைந்தால், சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் விளிம்பு ஒருபக்கம் தேய்ந்திருக்கும்.

இதைச் சரிசெய்யும்வரை, நிற்கும் மரத்தை அந்த ரம்பத்தால் சாய்க்க வேண்டாம்: வெட்டு கோணினால், அடியில் வெட்டாமல் விடும் பிடிமானம் சமமின்றிப் போய், ஆள் நிற்கும் பக்கமே மரம் திரும்பக்கூடும்.