சின்னப் பிள்ளைங்களுக்கு மாண்டரின் கத்துக்கொடுக்க சீனப் பண்டிகை, சடங்கெல்லாம் உதவுமா?

கண்டிப்பா உதவும். ஆனா லாந்தர் செஞ்சு கலர் அடிச்சு, பண்டிகைக்குச் செய்யற மூன்கேக் பலகாரத்தைச் சாப்பிட்டதோட விட்டுட்டா அது கைவேலை வகுப்புதான், மொழி வராது. பிள்ளை வாயைத் திறந்தே ஆகணும்ங்கிற மாதிரி ஒரு வழக்கம் எதுன்னு பார்த்து அங்க பிடிக்கணும்.

நான் மலேசியாவுல சீனப் பள்ளியில படிச்ச தமிழ்ப் பொண்ணு, இப்ப சீனப் பள்ளிக்குப் போற நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டுல டியூஷன் எடுக்கறேன். எனக்கு ரொம்பக் கைகொடுக்கறது அங் பாவ், அதாவது சீனப் புத்தாண்டுக்குப் பெரியவங்க சிவப்பு உறையில போட்டுக் கொடுக்கற பணம். அதை வாங்கணும்னா முதல்ல பெரியவங்களை முறை சொல்லிக் கூப்பிடணும், எல்லாருக்கும் அங்கிள் ஆன்ட்டின்னு போட முடியாது. அப்பாவோட அண்ணன் 'போபோ', தம்பி 'ஷூஷூ', அப்பாவோட அக்கா தங்கச்சி 'கூகூ', அம்மாகூடப் பொறந்தவர் 'ஜியூஜியூ'. அப்படியே நம்ம பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா! இங்கிலீஷ் மட்டும் பேசற வீட்டுப் பிள்ளை இதுல திணறிப்போயிடும், நம்ம பிள்ளைங்க டக்குனு பிடிச்சுக்கும். வெறும் சிவப்பு உறையை எடுத்து வச்சு ஒரு பொண்ணைத் துப்பட்டா போட்டு கூகூவா உட்கார வைப்பேன், மத்ததுங்க வரிசையா வந்து கூப்பிட்டுட்டு ரெண்டு கையாலயும் வாங்கணும். முறை தப்பினா உறை கிடையாது. ஒரு பையன் அவளைப் போய் 'ஷூஷூ'ன்னான், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மத்த பிள்ளைங்களே "அத்தைடா!"ன்னு கத்திருச்சுங்க.

மாண்டரின்ல ஒரே ஒலியைக் குரல் ஏத்தி இறக்கிச் சொன்னா அர்த்தமே மாறிடும், அதுதான் தொனி. அதுக்கு நான் லிஃப்டைத்தான் எடுப்பேன். இங்க நிறைய கட்டடத்துல 3க்கு அப்புறம் 4 போடாம 3Aன்னு போட்டிருக்கும், ஏன்னா மாண்டரின்ல நாலுக்கும் சாவுக்கும் ஒலி ஒன்னு, தொனி மட்டும்தான் வேற. நாலு மேலேருந்து சட்டுனு விழும், சாவு அடியிலேயே இறங்கி லேசா எழும்பும். ஒர்க்புக்ல பத்து தடவை எழுதியும் மறக்கற பிள்ளை இதை மறக்கறதே இல்ல.

இன்னொன்னு, தமிழ்ல எழுதினா தெரியாது, அதனால சொல்றேன். அந்த 'போபோ'வைக் காத்து ஊதிச் சொன்னா அம்மாவோட அம்மா ஆயிடும், தொனிகூட மாறாது. அந்த உறையையே உதட்டுக்கு நேரா பிடிக்கச் சொல்லுங்க, பாட்டின்னா பேப்பர் ஆடணும், பெரியப்பான்னா ஆடக்கூடாது. பிள்ளைங்க விடாம செஞ்சு பார்க்கும்.

புத்தாண்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. அன்னிக்குப் பக்கத்துல இருக்கற சீனப் பாட்டி வீட்டுக்கு நிஜமாவே கூட்டிட்டுப் போங்க, வாசல்லேயே 'போபோ'ன்னு கூப்பிடட்டும், பேப்பர் ஆடற மாதிரி.