வண்டி ஓட்டுபவரின் தூக்கம்: கேள்வி பதில்

கூட்ஸில் தொடங்கி மெயில், எக்ஸ்பிரஸ் வரை ஓட்டி, லோகோ இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். ரயிலோ பஸ்ஸோ லாரியோ, அசதி, தூக்கம், ட்யூட்டி நேரம் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி (உதவி லோகோ பைலட், ஜோலார்பேட்டை): சார், விடியற்காலை மூணு மணிக்கு மேல கண்ணு தானா சொருகுது. எழுந்து நின்னு பாக்குறேன், முகம் கழுவுறேன், ரெண்டு நிமிஷம்தான் தாங்குது. எனக்கு மன உறுதி பத்தலையா?

பதில்: தம்பி, மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை உடல் தானாகவே அடங்கும் நேரம், உடம்புச் சூடே இறங்கிவிடும். எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் இது மாறாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போலத் தடுமாறும் என்று 1997-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். நம் ஊர் சாலைச் சட்டத்தின் வரம்பே 0.03 சதவீதம்தான். ட்யூட்டியில் சேரக் கையெழுத்துப் போடும்போது, அதாவது சைன் ஆன் செய்யும்போது, குடித்திருக்கிறாயா என்று பார்க்க மெஷினில் ஊதச் சொல்கிறோம், கடைசியாக எப்போது தூங்கினாய் என்று எந்த மெஷினும் கேட்பதில்லை.

நைட் ட்யூட்டிக்கு முன்னால் பகலில் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடு, அதைவிட நல்ல வழி கிடையாது. வண்டியில் கண் சொருக ஆரம்பித்தால் உன் லோகோ பைலட்டிடம் அப்போதே வாய்விட்டுச் சொல். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறாய். கண் திறந்தபடியே மூளை மட்டும் நாலைந்து விநாடி அணைந்துபோகும், அது நமக்கே தெரியாது.

அப்புறம் சிக்னலைக் கை நீட்டி உரக்கச் சொல்கிறோமே, அதில் ஒன்றைக் கவனி. நான் வண்டியில் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். பாதித் தூக்கத்தில் இருப்பவரின் கை சரியாகவே நீளும், வாய் "பச்சை" என்றே சொல்லும், கண் மட்டும் சிக்னலில் இருக்காது. அவர் சொன்னதை நீ பார்க்காமலே திருப்பிச் சொன்னால் இரண்டு பேர் இருந்தும் சிக்னலை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதலில் நீ பார், பிறகு சொல்.

கேள்வி (பொறியியல் மாணவர்): ஓட்டுநர் தூங்கினால் வண்டியை நிறுத்தும் கருவி இன்ஜினிலேயே இருக்கிறதாமே? அப்புறம் என்ன கவலை?

பதில்: இருக்கிறது, வி.சி.டி. என்போம், ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று கண்காணிக்கும் கருவி. ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநர் எதையும் இயக்கவில்லை என்றால் விளக்கு எரியும், பிறகு பஸ்ஸர் அடிக்கும், அப்போதும் பட்டனையோ பெடலையோ அழுத்தவில்லை என்றால் தானே பிரேக் பிடித்துவிடும். நல்ல கருவி, பல உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அழுத்தி அழுத்திப் பழகிவிட்டால் அரைத் தூக்கத்திலும் கால் அழுத்தும்.

கனடாவில் ஹின்டன் என்ற இடத்தில் 1986 பிப்ரவரியில் கூட்ஸும் பயணிகள் வண்டியும் நேருக்கு நேர் மோதி 23 பேர் இறந்தார்கள். அங்கே காலை எடுத்தால் வண்டி நிற்கும்படி பெடல் இருந்தது. அதன் மேல் தேய்ந்த பிரேக் கட்டை மாதிரி கனமான எதையாவது வைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் ஊழியர்களிடையே இருந்ததை விசாரணை ஆணையம் கண்டுபிடித்தது. கருவியை ஏமாற்றியவர்களைத் திட்டுவது சுலபம், ஆனால் சரியாகத் தூங்கக்கூட விடாமல் ஆளை அனுப்பினால் இப்படித்தான் முடியும் என்பதையும் அதே ஆணையம் பேசியது.

கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்பு முறை வேறு வகை. அது ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை, சிவப்பு சிக்னலைத் தாண்டப் போனால் பிரேக் போடும். 2020-இல் நாடு முழுமைக்குமான முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, தென் மத்திய ரயில்வேயில்தான் முதலில் வந்தது. எல்லாத் தடத்திலும் வந்தே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அது வரும் வரை, அது இல்லாத தடத்தில் ஓட்டுபவரின் கண்ணை நம்பித்தான் வண்டி போகிறது.

கேள்வி (கூட்ஸ் லோகோ பைலட்டின் மனைவி): அண்ணா, 16 மணி நேரம் ரெஸ்ட் கொடுக்கிறார்கள் என்று அவரே சொல்கிறார். ஆனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அசதி, எரிச்சல், சண்டை. ஏன் இப்படி?

பதில்: தங்கச்சி, இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். கணக்கை விரித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலை 9 மணிக்கு சைன் ஆஃப். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க 11 ஆகும். வெயில், தெருச் சத்தம், பிள்ளைகள், காஸ் சிலிண்டர்காரர். நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம். 9 மணியோடு 16 மணி நேரம் சேர்த்தால் நள்ளிரவு 1 மணி, அப்போது சைன் ஆன் என்றால் இரவு 11 மணி வாக்கிலேயே ட்யூட்டிக்கு அழைப்பு வந்துவிடும். சாயங்காலம் திரும்பவும் தூங்கலாமே என்பார்கள், ஆனால் ஏழு எட்டு மணிக்குத் தூங்க உடம்பு சம்மதிக்காது. ஆக தாளில் 16 மணி நேர ஓய்வு, உடம்புக்குக் கிடைத்தது நாலு மணி நேரத் தூக்கம். மறுபடியும் இரவு முழுக்க ட்யூட்டி. தொடர்ந்து நாலு இரவு வரை இப்படிப் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது ஊழியர்கள் கோரிக்கை. என் கருத்தும் அதுதான். மெயில் வண்டிக்காரருக்காவது லிங்க் என்ற முன்கூட்டிய ட்யூட்டி அட்டவணை உண்டு, நாளை எப்போது போக வேண்டும் என்று தெரியும். கூட்ஸில் அதுவும் கிடையாது, போனைப் பார்த்தபடியே படுத்திருப்பார்.

2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் 46 மணி நேர வார ஓய்வு கேட்டுப் போராடினார்களே, அதுவும் இதே விஷயம்தான். மாதத்துக்கு நாலு முறை 30 மணி நேர வார ஓய்வு என்பது விதி. அந்த 30-க்குள்ளேயே வழக்கமான 16-ஐயும் அடக்கிவிடுகிறது நிர்வாகம், இரண்டையும் சேர்த்து 46 தர வேண்டும் என்கிறார்கள் ஊழியர்கள். முப்பது மணி நேரத்தில் ஒரே ஒரு இரவுதான் வீட்டில் நிச்சயம். 46 என்றால் பெரும்பாலும் இரண்டு இரவு கிடைக்கும், சேர்ந்துபோன தூக்கக் கடனை அடைக்க அந்த இரண்டாவது இரவு வேண்டும்.

வீட்டில் செய்ய முடிந்தது: அவர் படுக்கும் அறைக்குக் கனமான கறுப்புத் திரை, லாபி (ட்யூட்டிக்கு அழைக்கும் அலுவலகம்) எண் தவிர மற்ற எல்லா அழைப்பும் சைலன்ட், பகலில் பேங்க், ரேஷன் கடை என்று எழுப்பாமல் இருப்பது. பாதி வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன், இந்தத் தூக்கமும் ட்யூட்டியில் ஒரு பகுதிதான். எரிச்சல் அசதியால் வருவது, உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை.

கேள்வி (ஆம்னி பஸ் ஓட்டுநர்): எங்களுக்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா? ஓனர் கேட்டால் என்ன சொல்வது? தூக்கம் வந்தால் என்ன செய்வது?

பதில்: இருக்கிறது. நீண்ட காலம் இருந்தது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் நாளைக்கு 8 மணி நேரம், தொலைதூர வண்டிக்கு 10 வரை போகலாம் என்று இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகுமுன் அரை மணி நேர இடைவேளை, ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்க 9 மணி நேரம் விட வேண்டும் என்றும் இருந்தது. ஐரோப்பாவில் இன்னும் கறார், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நம்மிடம் சட்டம் இருக்கிறது, கணக்குப் பார்க்கத்தான் ஆளில்லை.

இரண்டு ஓட்டுநர் போட்டிருக்கிறோம் என்பார்கள். ஓடும் வண்டியில், ஹார்ன் சத்தத்தில் படுத்தால் அது அரைத் தூக்கம்தான், அதை முழு ஓய்வாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தூக்கம் வந்தால் ஏசியைக் கூட்டுவது, பாட்டு வைப்பது, பாக்கு போடுவது எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கம் வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள், ரோட்டோரத்தில் வேண்டாம். ஒரு ஸ்ட்ராங் டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். குடித்த டீ, காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள், தூக்கக் கலக்கம் தெளியக் கொஞ்ச நேரம் வேண்டும். பயணிகள் சத்தம் போடுவார்கள், போடட்டும்.

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் அசருகிறது. பயங்கரமாகக் குறட்டை விடுவதாக ரன்னிங் ரூமில் (ரயில் ஓட்டுநர்கள் தங்கும் ஓய்வறை) சொல்கிறார்கள்.

பதில்: டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து விடுவதாக இருக்கலாம், அப்படியானால் எட்டு மணி நேரமும் தூக்கமே இல்லை. நியூயார்க்கில் 2013 டிசம்பரில் மணிக்கு 30 மைல் வளைவில் 82 மைலில் போய் ரயில் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு இந்த நோய் இருந்ததே விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சில வாரம் முன்புதான் அவரை மதிய ஷிஃப்டிலிருந்து விடியற்காலை ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். வேலை போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள், இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி (பயணி): விபத்து என்றாலே ஓட்டுநர் மேல் பழி போடுகிறார்கள். நியாயமா?

பதில்: இல்லை. 2024 ஜூன் 17-இல் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் பின்னால் கூட்ஸ் மோதியபோது அன்றே இறந்துபோன கூட்ஸ் லோகோ பைலட் மேல் தவறு என்றார்கள். பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தபோது சிக்னல் பழுதானால் எப்படி வண்டியை விடுவது என்பதில் பல மட்டங்களில் குளறுபடி இருந்தது வெளியே வந்தது.

அசதியும் ஓட்டுநருக்கு மட்டும் வருவதில்லை. லண்டன் கிளாப்ஹாமில் 1988-இல் 35 பேர் இறந்த விபத்துக்குக் காரணம் ஒரு பழைய வயர். வேலை செய்த சிக்னல் டெக்னீஷியன் அதை வெட்டாமல் விட்டிருந்தார், அது தொட்டு சிக்னல் பொய் காட்டியது. அவருக்கு 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அதன் பிறகுதான் ஒரு ஷிஃப்டுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். கேட் கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர், டிராக் மெயின்டெயினர் எல்லோருடைய தூக்கத்தையும் சேர்த்துத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம்.

கேள்வி (பெண் உதவி லோகோ பைலட்): இன்ஜினில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். அது அசதியைக் கூட்டுமா?

பதில்: கூட்டும், தலைவலியும் சேரும், சிறுநீர்த் தொற்றும் வரும். இதை நீங்கள் சமாளிக்க வேண்டிய பிரச்சினையாக நினைக்காதீர்கள் அம்மா, நிர்வாகம் தீர்க்க வேண்டியது. வண்டி நிற்கும் ஸ்டேஷனில் வண்டிகளை இயக்கும் கண்ட்ரோல் அறையிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய் வாருங்கள், வண்டி ஐந்து நிமிடம் லேட் ஆனால் காரணத்தை அப்படியே எழுதுங்கள். எழுதினால்தான் கணக்கில் வரும்.

கேள்வி: தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போடலாமா? சளி மாத்திரை?

பதில்: விழிக்க வைக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். சளி, அலர்ஜி மாத்திரைகளில் பல தூங்க வைக்கும், சில மறுநாள் வரை இழுக்கும். கடையில் கேட்டு வாங்காமல், நான் ரயில் ஓட்டுகிறேன், பஸ் ஓட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியே வாங்குங்கள். போட்டிருந்தால் சைன் ஆன் செய்யுமுன் லாபியில் சொல்லிவிடுங்கள்.