அலுவலக வேலையாக வெளிநாட்டு நகரத்துக்குப் போனால், கிடைக்கும் கொஞ்ச நேரத்தை எப்படிச் செலவிடுவீர்கள்?

விடியற்காலையில். என் அனுபவத்தில் அதைவிட நல்ல நேரம் இல்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலையாக மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு மூன்று முறை போய் வந்தேன். முதல் முறை, மாலையில் ஊர் சுற்றலாம் என்று நம்பி ஏமாந்தேன். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலருக்கு வீடு ரோஸ் ஹில், கியூர்பிப் போன்ற வேறு ஊர்களில். சாயங்காலம் ஆனதும் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், தெரு வெறிச்சோடிவிடும். ஆனால் அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே நாலரைக்கே விழித்துக்கொள்ளும். மீட்டிங் ஒன்பதுக்கு. தூக்கம் வரவில்லையே என்று படுக்கையில் புரளாமல் எழுந்து சந்தைக்குப் போங்கள்.

சென்ட்ரல் மார்க்கெட்டை அவர்கள் 'பஸார்' என்கிறார்கள். கீரைக்காரர் ஒருவர் முருங்கைக்கீரைக் கட்டை நீட்டி 'ப்ரெத் முரும்' என்றார். ப்ரெத் என்றால் கீரை, முரும் நம் முருங்கைதான். பீர்க்கங்காயைக் காட்டிக் கேட்டேன்: 'பிப்பாங்காய்.' கறிவேப்பிலை 'கரிப்புலே'. அவருக்குத் தமிழ் தெரியாது, பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனாலும் அந்தக் கடையில் பாதிச் சாமானுக்குப் பெயர் எங்கள் வீட்டுச் சமையலறையில் சொல்கிற பெயர். அரை மணி நேரம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

காசு கொடுக்கும்போது நோட்டை உற்றுப் பாருங்கள். தமிழ் எழுத்தும், நாமே மறந்துபோன தமிழ் எண்ணும் அதில் இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், அந்நாட்டுத் தமிழர். 1998இல் வந்த நோட்டுகளில் தமிழ் எழுத்தைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டிருந்தார்கள்; தமிழர்கள் எதிர்த்ததும் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வீட்டில் தமிழ் பேசுவது அநேகமாக நின்றுபோன ஒரு சமூகம் இதற்காக எழுந்து நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சந்தையிலேயே பசியாறலாம். பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியான 'தால் பூரி'யை ஜோடியாகத்தான் தருவார்கள். வெயில் ஏறினால் சப்ஜா விதை மிதக்கும் 'அலூடா' என்ற குளிர்ந்த பால் குடியுங்கள். சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய இடம். அவர்கள் ஏறிய கல்படிகள் இன்னும் இருக்கின்றன. நம்மவர்கள் அதற்கும் முந்தி, 1730களிலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார்கள். படிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், போதும்.

மூன்றாவது பயணத்தில் சனிக்கிழமை மதியம், ஆலையில் வேலை செய்யும் தமிழ் நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டார். வாழையிலையில் 'செத் கரி', அதாவது ஏழு கறி; கூடவே 'ரஸோன்' என்று ரசம். சாப்பிட்டு முடித்ததும் அவர் பாட்டி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். முழுக்க முருகன் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில் எழுதியது. ஒரு பாட்டை ராகம் பிசகாமல் பாடினார். பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "அய்யா, இது என்ன?" என்றார். அடைக்கலம். அறுபது வருஷமாகப் பாடுகிறாராம், பொருள் தெரியாதாம். பயந்து ஓடி வருகிற குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறதே, அதுதான் பாட்டி என்றேன். நண்பர் கிரியோலில் எடுத்துச் சொன்னார். அவர் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு நேராகப் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் எழுந்தபோது மணி ஆறு.

அதனால் ஒன்றே ஒன்று சொல்வேன். டிக்கெட் போடும்போதே திரும்பும் நாளை வெள்ளிக்குப் பதில் ஞாயிறாக வைத்துக்கொள்ள முடியுமா என்று ஆபீசில் கேளுங்கள். சில சமயம் ஞாயிறு டிக்கெட் விலை குறைவாகவே இருக்கும். நான் அதைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன்.